சிவப்பு ஊசி

அத்தியாயம் ஒன்பது

ஏரம்பர் கண்ணை மூடினால் விழுகிறார் என்பது போன வாரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஏன் விழுகிறார் என்பதில்தான் ஊருக்குள் ஒற்றுமை இல்லை.

பிள்ளையார் கோயிலில் தீபாராதனை நேரம் கையைக் கூப்பிக் கண்ணை மூடிய மனிதர், அப்படியே சரிந்து பக்கத்தில் நின்ற ஆழ்வாப்பிள்ளையின் தோளில் விழுந்தார். கள்ளு வேலை செய்கிறது என்றது ஒரு கட்சி. வாழ்நாளில் கள்ளுமுட்டியை எட்டியும் பார்த்திராத மனிதரைப் பற்றி அப்படிச் சொல்ல நாக்கு எப்படித்தான் வளைந்ததோ. நேர்த்திக்கடன் ஏதோ மிச்சம் இருக்கிறது என்றது மற்றக் கட்சி. கோயில் பரிபாலன சபையின் தலைவரான ஆழ்வாப்பிள்ளை இரண்டு கட்சியிலும் சேரவில்லை. ஆனால், “இந்தமுறைத் திருவிழாவுக்கு நீ சாமி காவ வேண்டாம் ஏரம்பு, ஆறுதலாய் இரு” என்று மட்டும் சொல்லிவிட்டார். இளந்தாரியாய் இருந்த காலந்தொட்டு சாமியைத் தூக்கி முன்கொம்பு பிடித்த தோள் அது. அந்த ஒரு வசனத்தில் ஏரம்பர் பாதி ஆளாகிப் போனார்.

மகள் உதயகலாவுக்கு மட்டும் மூன்றாவது அபிப்பிராயம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கிறவள் வேறு எப்படி நினைப்பாள்? அன்று வீட்டுக்கு வந்ததும் தகப்பனைச் சுவரோரம் நிறுத்தினாள். கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடச் சொன்னாள். மூடியதும் மனிதர் ஆடினார். திறந்ததும் நேராக நின்றார். மீண்டும் மூடச் சொன்னாள், மீண்டும் ஆடினார். நிலம் எங்கே இருக்கிறது என்று தலைக்குச் சொல்லும் வேலையைக் கால் மறந்துவிட்டது. அந்த வேலையையும் கண்தான் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடினால் இரண்டும் இல்லை.

இரத்தம் எடுத்துப் பார்த்ததில் பி பன்னிரண்டு என்ற விற்றமின் அடிமட்டத்தில் கிடந்தது. நேற்று டொக்டரம்மா அதை விளக்கமாகச் சொன்னார். ஏரம்பர் பிறப்பிலேயே சைவம், முட்டையைக்கூடத் தொடமாட்டார். பால் குடித்தால் வயிறு ஊதும் என்று அதையும் விட்டவர். போதாததற்கு, ஆறு வருடமாக நாள் தவறாமல் வயிற்றுப் புளிப்பை அடக்கும் கப்சூல். சாப்பாட்டில் கிடக்கும் கொஞ்ச நஞ்ச விற்றமினைப் பிரித்தெடுக்க வயிற்றுக்கு அந்தப் புளிப்பு வேண்டும். புளிப்பையே அடைத்துவிட்டால் அது எதை வைத்துப் பிரிக்கும்?

“இனியும் பிந்தினால் போன நரம்பு போனதுதான். கப்சூலைப் படிப்படியாய்க் குறைச்சு நிப்பாட்டுவம். ஊசியை உடனை தொடங்கவேணும். நீங்களே வீட்டிலை போடுங்கோ மிஸ், போட்ட பிறகு கொஞ்ச நேரம் பக்கத்திலை இருந்து பாருங்கோ.”

டொக்டரம்மா அப்படிச் சொன்னபோது ஏரம்பரும் தலையை ஆட்டி ஓம் என்றார். அது நேற்று.

இன்று காலை குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்த ஏரம்பர், வழக்கம்போல முதலில் கப்சூலை விழுங்கினார். ஒரு பக்கம் ரோசா நிறம், மறுபக்கம் சாம்பல் நிறம். காலையில் திருநீறு பூசுவதைப் போல அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. பிறகு பனங்கட்டியைக் கடித்துச் சாயத் தேத்தண்ணியைக் குடித்தார். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“பிள்ளை, அந்த ஊசி எனக்கு வேண்டாம்.”

வேலைக்குப் புறப்பட்டுத் தலையை முடிந்துகொண்டிருந்த உதயகலா திரும்பிப் பார்த்தாள்.

“நேற்று ஓம் எண்டனீங்களெல்லோ ஐயா?”

“நேற்று எனக்குத் தெரியாது. பின்னேரம் ஆழ்வாப்பிள்ளை அண்ணை சொன்னவர். உது மாட்டீரல் சாறாம். அவரின்ரை ஆச்சிக்கு அந்தக் காலத்திலை போட்டவையாம். இரத்தம் மாதிரிச் சிவப்பாய் இருக்குமாம். சிவப்போ, இல்லையோ?”

“சிவப்புத்தான். ஆனால்...”

“பிறகென்ன கதை.”

“ஐயா, அது அந்தக் காலம்.”

“அப்ப இந்தக் காலத்திலை உதை எதிலையிருந்து எடுக்கினம்?”

 எவ்வளவு அளவு, எந்த இடத்தில் குத்துவது, வெளிச்சம் படாமல் எப்படி வைப்பது, போட்ட பிறகு எதைக் கவனிப்பது எல்லாம் உதயகலாவுக்கு நித்திரையிலும் தெரியும். எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று ஒரு பரீட்சையிலும் கேட்கவில்லை. ஈரல் இல்லை என்று மனது சொன்னது. மனது சொன்னதைத் தகப்பனிடம் சத்தியம் போலச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

“கேட்டுக்கொண்டு வாறன்.”

“கேள். ஆனால் கேட்டாலும் எனக்கு வேண்டாம். நடக்க ஏலாட்டி இருந்துகொண்டு கும்பிடுறன். மாட்டின்ரை உடம்பை என்ரை உடம்புக்குள்ளை விட்டுக்கொண்டு கும்பிட ஏலாது.”

சொல்லிவிட்டு எழும்பி, மாமரத்தடியில் கட்டியிருந்த செவலைப் பசுவுக்கு வைக்கோலை உதறிப் போடப் போனார். ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தார். போன பட்டிப்பொங்கலுக்கு மாலை போட்டு விழுந்து கும்பிட்ட பசு அது.

படலையடியில் தமையன் மயூரதன் லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றான். மருதனார்மடம் சந்தைக்குப் போகிற அவசரம். அவசரத்திலும் தங்கச்சிக்குப் புத்தி சொல்ல நேரம் இருந்தது.

“நீ ஏனடி சிவப்பெண்டு சொன்னனீ?”

“அவர் கேட்டார் அண்ணை.”

“கேட்டால்? பச்சை எண்டு சொல்லு, நீலம் எண்டு சொல்லு. நோவுக்கு ஊசி எண்டு சொல்லிக் குத்து. நாளைக்குக் கால் விளங்காமல் கிடந்தால் தூக்கிறது நானும் நீயுந்தான், ஆழ்வாப்பிள்ளையர் இல்லை.”

தாய் பத்மாவதி அதற்குள் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டு வந்து மகளின் கையில் வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உந்த மருந்து குளிசையாய் இல்லையோ பிள்ளை? இருந்தால் தா, பருப்புக்குள்ளை பொடிச்சுப் போடுறன். இவ்வளவு வருசம் என்ரை கையாலை சாப்பிடுற மனிசன். உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு ஒருநாளும் கேட்டதில்லை.”

அதுதான் அம்மா பயம் என்று சொல்ல நினைத்தாள் உதயகலா.  ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாட்டில் அன்று வாந்தியெடுக்கும் சத்திக்காரருக்குக் குறைவில்லை. பித்தப்பைச் சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்த நேசம்மா ரீச்சர் காலையிலிருந்து நாலைந்து தரம் எடுத்துவிட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். முகம் வெளிறி, உதடு காய்ந்து கிடந்தாலும் வாய் மட்டும் வகுப்பறையில்தான் இருந்தது.

உதயகலா சிரிஞ்சோடு கட்டிலடிக்குப் போனாள்.

“என்ன மருந்து பிள்ளை அது?”

“சத்திக்கு ரீச்சர். மெற்றோகுளோபிறமைட் எண்டு பேர்.”

“அப்ப குத்திப்போட்டுப் போ, ஏன் நிண்டு மினக்கெடுறாய்?”

“உதை ஆறுதலாய்த்தான் ஏத்தவேணும். கெதியாய் ஏத்தினால் சத்தி நிக்கும், ஆனால் உள்ளுக்கை அந்தரப்படுத்தும். எழும்பி ஓடவேணும் போலை இருக்கும். அப்பிடி ஏதும் செய்தால் உடனை சொல்லுங்கோ.”

“சொல்லுறன்.” நேசம்மா கையை நீட்டினார். “விடிய வெள்ளணை வந்த பிள்ளை ஒண்டும் சொல்லாமல் குத்திப்போட்டுப் போட்டுது. பிழையான மருந்தெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் என்ரை உடம்புக்கை போறது என்னெண்டு எனக்குத் தெரியவேணுமெல்லோ? கேட்டால்தான் நான் ஆள். கேட்காட்டி நான் கட்டில் நம்பர்.”

மருந்து மெல்ல மெல்ல இறங்கியது. உதயகலா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பின் தெரியாத ஆளுக்கு இவ்வளவு விளக்கம் சொல்லத் தெரிகிறது, பெற்ற தகப்பனுக்குச் சொல்ல என்ன கேடு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மதியத்தோடு வேலை முடிந்ததும் நேரே மருந்துப் பகுதிக்குப் போனாள்.

மருந்தாளர் சூசைதாசன் பகிடிக்காரர். கதவுக்குள் தலையை நீட்டிய உதயகலாவைக் கண்டதும், “வாங்கோ மிஸ், கடன் கேட்க வந்தால் நான் இல்லை” என்றார்.

“பகிடி விடாதேங்கோ அண்ணை. பி பன்னிரண்டு ஊசி எதிலையிருந்து எடுக்கிறது? ஈரலிலையிருந்தோ?”

சூசைதாசன் சிரிக்கவில்லை. கேள்வி நல்ல கேள்வியாக இருந்தால் அவருக்குப் பகிடி மறந்துவிடும்.

“ஒரு காலத்திலை ஈரல் சாறுதான் போட்டவை. ஊரிலை பழைய ஆக்கள் சொல்லுறது பொய்யில்லை. இப்ப அப்பிடி இல்லை. பெரிய பெரிய தொட்டியளிலை கண்ணுக்குத் தெரியாத கிருமியளை வளர்த்து, அதிலையிருந்துதான் எடுக்கினம். பாலுக்கை உறை விட்டுத் தயிராக்கிறமெல்லோ, அந்த மாதிரி எண்டு வையுங்கோ. சிவப்பு அந்த விற்றமினின்ரை சொந்த நிறம். இரத்தமும் இல்லை, ஈரலும் இல்லை.”

“மெய்யே?”

“மாதா மேலை சத்தியம்.” பெட்டிக்குள் இருந்த மருந்துத் தாளை எடுத்து விரித்துக் காட்டினார். “ஆருக்கு?”

“ஐயாவுக்கு. மாட்டீரல் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். அவர் சுத்த சைவம்.”

சூசைதாசன் தாளை மடித்துக்கொண்டே, யோசிக்காமல்தான் கேட்டார்.

“அப்ப கப்சூலை என்ன செய்யிறவர்?”

“எந்தக் கப்சூல்?”

“நீங்கள் மாதாமாதம் வாங்கிக்கொண்டு போற ஒமிப்பிறசோல். மேல்கூடு ஜெலற்றினெல்லோ. மாட்டின்ரை எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற பசை. மரக்கறியிலை செய்யிற கூடும் இருக்குத்தான். ஆனால் நீங்கள் கொண்டுபோறது அது இல்லை.”

 உதயகலா படித்ததுதான். மருந்தியல் வகுப்பில், கூடு ஜெலற்றின், நோயாளியின் சமய வழக்கத்தை விசாரிக்க வேண்டும் என்று விரிவுரையாளர் சொன்னது ஞாபகம் வந்தது. அது ஆரோ ஒரு நோயாளிக்கு என்று அவள் நினைத்திருந்தாள். தன் வீட்டுக் குசினி வாசலில் கதிரை போட்டு இருக்கிறவருக்கு என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

அந்தக் கப்சூல் வீட்டுக்குள் வந்த கதையும் அவளுக்கு ஞாபகம் வந்தது. முழங்கால் நோவுக்கு வெறும் வயிற்றில் நோக்குளிசையாய் விழுங்கி, வயிறு புண்ணாகி ஏரம்பர் சத்தியெடுத்துக் கிடந்த காலம். சத்திக்கு டொம்பெரிடோன், புண்ணுக்கு ஒமிப்பிறசோல், இரண்டு மாதத்துக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். சத்தி நின்றதும் முதல் மருந்து நின்றது. இரண்டாவது நிற்கவில்லை. அது விழுங்கினால் பச்சை மிளகாயும் பழஞ்சோறும் சாப்பிடலாம் என்று ஏரம்பர் கண்டுபிடித்துவிட்டார். கேட்டார், அவளும் வாங்கிக் கொடுத்தாள். தகப்பன் ருசியாகச் சாப்பிடுவதைப் பார்க்க ஆருக்குத்தான் ஆசையில்லை?

“நான் ஏதும் பிழையாய்ச் சொல்லிப்போட்டனோ?” என்றார் சூசைதாசன்.

“இல்லை அண்ணை. சரியாய்த்தான் சொன்னனீங்கள்.”

வீடு இருக்கும் அச்சுவேலிப் பக்கம் திரும்பும் வரைக்கும் அவளுக்குள் ஒரு வழக்கு நடந்தது. ஊசி சைவம் என்று சொன்னால் ஐயா நம்புவார், கையை நீட்டுவார், கால் பிழைக்கும். கப்சூல் இனி எப்படியும் நிற்கப் போகிறது. நிற்கப் போகிற ஒன்றைப் பற்றிச் சொல்லி ஒரு மனிதரின் நெஞ்சை ஏன் உடைக்க வேண்டும்? சொன்னால் மருந்து என்ற பேரையே வெறுத்து ஊசியையும் தள்ளிவிட்டால், அந்தக் காலுக்கு ஆர் பொறுப்பு? சொல்லாமல் விடுவதற்கு நியாயம் நிறைய இருந்தது. அதனால்தான் அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

படலையைத் திறந்து உள்ளே வந்தவள் முற்றத்தில் நின்றுவிட்டாள். வெங்காயத் தோட்டத்துப் பக்கமிருந்து வீட்டு வாசல் வரைக்கும் சீமெந்து நிலத்தில் ஒரு காலடி விட்டு ஒரு காலடி சிவப்பாய்ப் பதிந்திருந்தது.

“ஐயா!”

ஏரம்பர் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“என்ன பிள்ளை, ஏன் கத்துறாய்?”

“காலைத் தூக்குங்கோ.”

வலது உள்ளங்காலில் கறள் பிடித்த ஆணி ஒன்று தலை வரைக்கும் ஏறியிருந்தது. பழைய பலகைத் துண்டில் மிதித்திருக்க வேண்டும். ஏரம்பர் குனிந்து அதைப் பார்த்தார். ஆரோ ஒருவரின் காலைப் பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தார்.

“நோகேல்லை பிள்ளை. மெய்யா நோகேல்லை” என்றார். அவர் குரலில் முதல்முறையாகப் பயம் கேட்டது.

பத்மாவதி ஐயோ என்று தலையில் கை வைத்தாள். சந்தையால் வந்து குளிக்கப் போன மயூரதன் துவாயோடு ஓடி வந்தான். உதயகலா ஆணியை எடுத்து, காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள். நிலத்தில் முழங்காலில் இருந்தவளின் காதுக்குள் தமையன் குனிந்தான்.

“பிள்ளையார் தந்த சந்தர்ப்பமடி. ஏற்பு ஊசி எண்டு சொல்லு. ஆணி குத்தினால் ஏற்பு ஊசி போடவேணும் எண்டு அவருக்கும் தெரியும். ஒரு கேள்வியும் கேளார்.”

உண்மைதான், கேட்க மாட்டார். ஏரம்பர் தானாகவே சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்.

“ஏற்பு ஊசி போடவேணுமெல்லே பிள்ளை? கொண்டு வந்தனியோ?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அம்மாவின் கண் கெஞ்சியது. அண்ணனின் கண் அதட்டியது. பைக்குள் டொக்டரம்மா சொன்ன ஊசி மருந்தின் சின்னக் குப்பி இருந்தது. ஓம் என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடும்.

உதயகலா பைக்குள் கையை விட்டுக் குப்பியைத் தொட்டாள். இந்தக் காலைக் காப்பாற்ற எந்தப் பொய்யையும் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் உண்மையாகவே நினைத்தாள். பிறகு நேசம்மா ரீச்சர் நீட்டிய கை ஞாபகம் வந்தது.

“ஏற்பு ஊசி ஆஸ்பத்திரியிலைதான் ஐயா. பின்னேரத்துக்குள்ளை அண்ணை ஓட்டோவிலை கூட்டிக்கொண்டு போவார். என்ரை பைக்குள்ளை இருக்கிறது அந்தச் சிவப்பு ஊசி.”

மயூரதன் துவாயை உதறிக்கொண்டு அப்பால் திரும்பினான்.

“கேட்டுக்கொண்டு வந்தன் ஐயா. ஈரல் போட்டது அந்தக் காலத்திலை, ஆழ்வாப்பிள்ளை மாமா சொன்னது பொய்யில்லை. இப்ப கிருமியை வளர்த்து எடுக்கிறது. உறை விட்டுத் தயிர் எடுக்கிற மாதிரி. மாட்டுக்கும் உதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.”

ஏரம்பர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். வாசல் வரைக்கும் வந்திருந்த சிவப்பு அடிகளைப் பார்த்தார். சுருட்டிய சட்டைக் கையை இறக்காமல் அப்படியே நீட்டினார்.

“அப்ப போடு. நீ எனக்குச் சைவமில்லாத ஒண்டைத் தரமாட்டாய்.”

பத்மாவதி பெருமூச்சு விட்டாள். போட்டிருக்கலாம். அந்த வசனத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் உதயகலா போட்டிருப்பாள். இப்போது கை எழவில்லை.

“தந்திட்டன் ஐயா.”

“என்ன?”

“ஊசி சைவம். கப்சூல் சைவமில்லை. உள்ளுக்கை இருக்கிற மருந்து இல்லை, மேல்கூடு. மாட்டின்ரை எலும்பையும் தோலையும் காய்ச்சிச் செய்யிறது. இண்டைக்குத்தான் எனக்கு உறைச்சுது. படிச்ச நான் எப்பவோ யோசிச்சிருக்கவேணும். யோசிக்கேல்லை.”

 மாமரத்தடியில் பசு வைக்கோலை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஏரம்பர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பசுவைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆறு வருசம்,” என்றார். “விடிய எழும்பி, பிள்ளையாரைக் கும்பிட முன்னம்.”

“இஞ்சருங்கோ, தெரியாமல் செய்தது பாவமில்லை” என்று தொடங்கிய பத்மாவதிக்குக் குரல் உடைந்தது. மகளின் பக்கம் திரும்பினாள். “ஏன் பிள்ளை சொன்னனீ? அந்த மனிசன் கையை நீட்டிப்போட்டாரெல்லோ.”

“வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. படிச்ச படிப்பு அப்பிடி” என்றான் மயூரதன்.

ஏரம்பர் எழும்பினார். சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். நொண்டி நொண்டிக் கிணற்றடிக்குப் போனார். மயூரதன் பிடிக்கப் போனான். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

கட்டின துணி நனையும், காயத்துக்குக் கூடாது என்று உதயகலாவின் தாதி மனது அந்த நேரத்திலும் கணக்குப் பார்த்தது. மகள் மனது அவளைக் கூப்பிட விடவில்லை. ஏரம்பர் ஒரு கையால் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றினார். ஒவ்வொரு வாளிக்கும் சிவ சிவா என்றார். எப்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு குளிக்கிறவர். இன்று தண்ணீர் முகத்தில் வழிய வழியக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மூடினால் விழுந்துவிடுவார் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் உதயகலா அழுதாள்.

ஈரத் துண்டோடு திரும்பி வந்தார். திருநீறு பூசினார். கதிரையில் இருந்தார். முகம் தெளிந்திருந்தது என்று சொல்ல முடியாது. நோவு அதில் அப்படியே இருந்தது.

“பிள்ளை, ஊசி கிருமியிலை செய்யிறது எண்டது மெய்யோ?”

“மெய் ஐயா.”

“நம்புறன்.” ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். “கப்சூலைப் பற்றி நீ வாய் திறந்திராட்டி எனக்குச் சாகும் வரைக்கும் தெரிய வந்திராது. எனக்கு நோகும் எண்டு தெரிஞ்சும் சொன்னனீ. நோகிறதைச் சொன்ன ஆள் மற்றதிலை பொய் சொல்லுமே? போடு.”

“ஐயா...”

“போடு எண்டுறன். சாமி காவ விடுவினமோ இல்லையோ, அதுக்கு முதல் நான் நிலத்திலை நிக்கவேணும்.”

உதயகலா கையைக் கழுவினாள். குப்பியைத் திறந்து மருந்தை இழுத்தாள். சிரிஞ்சுக்குள் செவ்வரத்தம்பூ நிறத்தில் மருந்து ஏறியது. ஏரம்பர் முகத்தைத் திருப்பவில்லை. கடைசித் துளி போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். உதயகலா ஊசியை எடுத்து அந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

“ஒண்டோடை சரியாகாது ஐயா. கன ஊசி போடவேணும். கால் எவ்வளவு திரும்பும் எண்டு இப்பவே சொல்ல ஏலாது.”

“அதையும் ஒளிக்காமல் சொல்லு, சரி” என்றார் ஏரம்பர். முகத்தில் மெல்லிய சிரிப்பு ஒன்று வந்து போனது.

மயூரதன் ஓட்டோவுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தான். பத்மாவதி நனைந்த கட்டை மாற்றுவதற்குப் புதுத் துணி தேடிப் போனாள். படலை கிறீச்சிட்டது.

“ஏரம்பு! என்ன, ஆணி ஏறிப்போச்சாம்? சந்தியிலை நிண்டு கேள்விப்பட்டன்.”

ஆழ்வாப்பிள்ளைதான். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் சால்வை, கையில் குடை. வந்த வேகத்தில் நிலத்துச் சிவப்பு அடிகளையும், மேசையில் கிடந்த வெறும் சிரிஞ்சையும் கண்டார். இரண்டையும் பற்றிக் கேட்க வாயெடுத்தவருக்கு அதைவிட அவசரமான ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

“பிள்ளை உதயா, ஒரு செம்பு தண்ணி கொண்டு வா மோனை. நேரம் போகுது. சாப்பிட முன்னம் குளிசை போடவேணும், மறந்தே போனன்.”

உதயகலா தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆழ்வாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து குளிசை அட்டையை எடுத்து, பெருவிரலால் ஒன்றை அமுக்கி உள்ளங்கையில் போட்டார். ஒரு பக்கம் ரோசா, மறுபக்கம் சாம்பல்.

மயூரதன் போனைக் காதில் வைத்தபடியே பேச்சை நிறுத்திவிட்டான். துணியோடு வாசலுக்கு வந்த பத்மாவதி அங்கேயே நின்றாள். ஆழ்வாப்பிள்ளை கப்சூலை வாயருகே கொண்டுபோனார்.

“அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ,” என்றார் ஏரம்பர். கதிரையின் கையைப் பிடித்து, காலைப் பார்த்துக்கொண்டு, மெல்ல எழும்பி நின்றார். “முதல்லை இருங்கோ. என்ரை பிள்ளை உங்களுக்கு ஒரு விசயம் சொல்லும். எனக்குச் சொன்ன மாதிரியே, ஒண்டும் ஒளிக்காமல் சொல்லும்.”